ஒலிக்காத எழுத்து

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் இரவு பதினொன்று.
மழை பக்கவாட்டில் பெய்கிறது. ஃபாரோ தீவுகளில்
அது மேலிருந்து விழுந்தால்தான் செய்தி.
ஹானுஸின் படகு கரையேறி நான்கு மணி நேரம்.
நாற்பத்தோரு பெட்டி.
தராசு ஒப்புக்கொண்டது.
அட்டவணையில் வரிசை விழுந்தது.
திரையில் மட்டும் பிடிபட்டது எவ்வளவு என்ற இடத்தில்
ஒன்றுமில்லை.

பூஜ்யம் என்றால்கூடச் சமாளிக்கலாம்.
யாரோ எண்ணிப் பார்த்துச் சொன்ன பதில் பூஜ்யம்.
இது அதுவும் இல்லை.
யாரும் எண்ணவே இல்லை என்பதன் வெள்ளை.

ரன்வா ஏழு மணிக்கே ஒரு பிழையைத் தீர்த்திருந்தாள்.
நிரலில் படகின்பெயர் ஒட்டி நிற்கும்,
நடுவில் ஒட்டகத் திமில்போல் ஒரு பெரிய எழுத்து.
அட்டவணையில் இரண்டு சொல்லுக்கும் நடுவே அடிக்கோடு.
ஒரே ஒரு அமைப்பை மாற்றினாள்,
பதினேழு புலங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன.
வீட்டுக்குப் போகலாம் என்று
கோட்டின் ஒரு கையை மாட்டியிருந்தாள்.

அந்த ஒற்றைக் கை இன்னும் கோட்டுக்குள்.

இணைப்பைப் பார்த்தாள், உயிரோடு இருக்கிறது.
கேஷைக் காலி செய்தாள்.
சர்வரை அணைத்து ஏற்றினாள்,
கோயில் பக்கம் போகாதவர்களுக்கு
அதுதான் தேங்காய் உடைப்பது.
தேதி வந்தது, தலைவன் பெயர் வந்தது, வலையின் கண் அளவு வந்தது.
மீன் வரவில்லை.
சிவப்பில் ஒரு வரி?
இல்லை.
லைப்ரரி வாயே திறக்கவில்லை.

திட்டினால் திருப்பித் திட்டலாம்.
தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல்
தலையாட்டிவிட்டுப் போகிற உதவியாளனை
என்ன செய்ய?

எந்தப் பத்தியை எந்தப் புலத்தில் வைத்தாய்,
ஒவ்வொன்றாகச் சொல் என்று
பதிவேட்டின் மட்டத்தைக் கடைசிவரை இறக்கினாள்.
அறுநூறு வரி ஓடியது.
நானூற்றுப் பன்னிரண்டாவது வரியில்,
தாழ்ந்த குரலில்:
இந்தப் பத்தியை வாங்கிக்கொள்ள ஆளில்லை, விட்டுவிட்டேன்.

மீன்பிடிப்புக்கு அவர்கள் மொழியில் ஒரு சொல்.
எழுதும்போது நடுவில் ஒரு எழுத்து நிற்கும்,
கழுத்தில் குறுக்குக்கோடு போட்ட டி.
பேசும்போது அது இல்லை.
வையி என்பார்கள், அவ்வளவுதான்.
ஒலிக்காது, ஆனால் விட்டால்
பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் போகும்.
முப்பது வருடத்துக்கு முன் அட்டவணையைக் கட்டிய போல் ஆந்த்ரியாஸ்
அந்த எழுத்தை ஏற்காத இயந்திரத்தில்
வெறும் டி போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்.
திங்கட்கிழமை ரன்வா
பிழையில்லாமல் எழுதினாள்.
பிழை அங்கேதான்.

"பத்தியின் பெயரை மாற்றிவிடு" என்றான் தோர்ஸ்ஹவ்னிலிருந்து எய்யுன்,
தூக்கத்திலிருந்து.
மாற்றலாம்.
ஐஸ் ஆலை அந்தப் பெயரைத்தான் கேட்கிறது.
வரி அலுவலகம் கேட்கிறது.
ஏலக்கூடத்துப் பலகை கேட்கிறது.
யார் எழுதியது என்றே தெரியாத ஒரு மாதாந்தர அறிக்கை
ஒன்றாம் தேதி விடிகாலையில் எழுந்து
அந்தப் பெயரைச் சொல்லித்தான் கதவைத் தட்டுகிறது.
"அப்போ உன் புலத்தில் டி போடு."
அதற்கு அவள் பதில் சொல்லவில்லை.
மானம் என்று சொல்ல வெட்கம்.

புலத்தின் தலைக்குமேல் ஒரு வரி எழுதினாள்:
இங்கே இவனுக்கு இந்தப் பெயர்,
அங்கே அந்தப் பெயர், ஆள் ஒன்றுதான்.
சேமித்தாள்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு கிலோ
சத்தமில்லாமல் வந்து நின்றது,
எப்போதும் இங்கேதான் இருந்ததுபோல.

ரசீது ஹானுஸுக்குப் போனது.
மணி ஒன்றே முக்கால்.
ரன்வா கோட்டின் இரண்டாவது கையைத் தேடிக்கொண்டிருந்தபோது
போன் அதிர்ந்தது.

"எடை சரி.
ஆனால் நான் கொண்டுவந்தது காட் இல்லையே,
ஹேடக்."